வடம் பிடிக்க வாங்க, கவர்னர் சார்!

பாண்டிச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருகிற சமாசாரங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பீச், காந்தி சிலை, ஆசிரமம், மஞ்சள் சுவர் வைத்த பிரெஞ்சுத் தெரு... அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'அந்த அயிட்டம்'! சனிக்கிழமை சாயந்திரம் வந்து இறங்கி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தள்ளாடிக்கொண்டே பஸ் ஏறுகிற ஆசாமிகளிடம், "ஐயா, புதுச்சேரியில் நெல் விளையும், தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "நெல்லா? அதிலேர்ந்து என்ன சார் இறக்குவாங்க?" என்பார்கள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கிழக்கே போனால்தான் அவர்கள் பார்த்த பாண்டி. மேற்கே விழுப்புரம் ரோட்டில் பத்து கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். வில்லியனூர் வரும். அங்கேயிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரி, வாய்க்கால், வரப்பு. தெற்கே கடலூர்ப் பக்கம் போனால் பாகூர். இந்த இரண்டு ஊரும்தான் புதுச்சேரிக்குச் சோறு போட்ட ஊர்கள். சோறு மட்டுமா... வருஷம் பூரா திருவிழாவும் போட்ட ஊர்கள்!

ஒப்பந்தத்தில் ஏறிய ஊர்

வில்வ மரம் நிறைந்த காடாக இருந்ததால் 'வில்வநல்லூர்', அதுதான் தேய்ந்து வில்லியனூர் ஆயிற்று என்பது ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர்க் காரணம். நடுவில் திருக்காமீஸ்வரர் கோயில். அம்பாள் பெயர் கோகிலாம்பிகை. தர்மபால சோழன் என்ற ராஜாவுக்குத் தோல் நோய் வந்து, இங்கேயிருக்கிற குளத்து நீரில் குளித்துக் குணமாகி, நன்றிக்கடனாகக் கோயில் கட்டினான் என்கிறது தல புராணம். ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட் ஃபீஸாக ஒரு கோயில்! அந்தக் காலத்து ராஜாக்கள் தாராளமானவர்கள்.

பாகூருக்கும் வயசு குறைச்சல் இல்லை. 9-ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ ராஜா காலத்தில், அங்கே 'வித்யாஸ்தானம்' என்ற கல்லூரி நடந்திருக்கிறது. அதை நடத்துவதற்காக மூன்று கிராமங்களைத் தானமாக எழுதிக் கொடுத்த செப்பேடு 1879-ல் கிடைத்தது. யோசித்துப் பாருங்கள். கேபிட்டேஷன் ஃபீஸ் கிடையாது, டொனேஷன் கிடையாது. மூன்று ஊர் வயல் விளைச்சலில் ஒரு காலேஜே நடந்திருக்கிறது!

நெல் விளைகிற இடத்தின் மேல் யாருக்குத்தான் கண் இருக்காது? 1749-ல் சந்தா சாகிப் இந்தப் பக்கத்துக் கிராமங்களை டூப்ளேயின் கையில் கொடுத்தார். 1752-ல் பாகூரில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதிக்கொண்டார்கள். மேஜர் லாரன்ஸ் ஜெயித்தார். 1760-ல் அயர் கூட் பாண்டிச்சேரியை வளைக்க வந்தபோது முதலில் பிடித்த இடங்களில் வில்லியனூர் கோட்டையும் ஒன்று. காரணம் சுலபம். கோட்டைக்குள் பீரங்கி எத்தனை இருந்தாலும், அரிசி வெளியிலிருந்துதானே வரவேண்டும்? அரிசி வரும் வழியை அடைத்தால் ஆட்டம் முடிந்தது. 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி பசியோடுதான் சரணடைந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1783-ல் பிரான்சில் வெர்சேல்ஸ் அரண்மனையில் ஆங்கிலேயர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சமாதானம் பேசினார்கள். ராஜாக்கள், மந்திரிகள், தங்க நாற்காலிகள்... அந்த ஒப்பந்தத்தில், 'பாண்டிச்சேரியைச் சுற்றி இந்த இரண்டு ஜில்லாக்களையும் பிரெஞ்சுக்காரர்களுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும்' என்று பெயர் போட்டு எழுதினார்கள். எந்த இரண்டு? வில்லியனூர், பாகூர்! வில்லியனூரை 'வாலானூர்' என்று படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். போகட்டும், ரேஷன் கார்டில் நம்ம பெயரையே சரியாக எழுதத் தெரியாத ஊரில் அதற்காகக் கோபித்துக்கொள்ள முடியுமா?

கடைசியாகப் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியதும் இந்த வயல்வெளியில்தான். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர 170 ஓட்டு, வேண்டாம் என்று 8. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறிவிட்டது. கடற்கரையில் கப்பலேறிப் போனவர்களின் தலையெழுத்தை, நாற்று நடுகிற ஊரில் வைத்துத்தான் எழுதினார்கள்.

ஒரே கயிறு, ஒரே திசை!

சரித்திரம் போதும், சாமியைப் பார்ப்போம்.

வைகாசி மாசம் திருக்காமீஸ்வரருக்குப் பிரம்மோற்சவம். கொடியேறின நாளிலிருந்து வில்லியனூருக்கே ஜுரம் கண்ட மாதிரி ஒரு பரபரப்பு. மாட வீதியில் பந்தல், வளையல் கடை, பொரி கடலை, பஞ்சு மிட்டாய், பீப்பீ ஊதல். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் தீபாவளிக்குக்கூட மட்டம் போடுவார்கள், தேருக்கு வந்துவிடுவார்கள். "தேர் என்னைக்கும்மா?" என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட்டே எடுப்பார்கள்.

தேர் ஐம்பது அடி உயரம். அதை இழுக்க வருகிற வி.ஐ.பி. யார் தெரியுமா? கவர்னர்!

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே கவர்னர் துரை வந்து வடம் தொட்டு இழுத்துக் கொடுத்த பிறகுதான் தேர் நகரும். கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிய உழவர்களோடு கூட்டத்தில் நின்று கயிறு பிடிக்கிற காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். துரைகள் போனார்கள், மூவர்ணக் கொடி வந்தது. வழக்கம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். முதலமைச்சரும் மந்திரிகளும் வருகிறார்கள். ஆடி மாசத்தில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கும் இதே மரியாதை உண்டு.

புதுச்சேரி அரசியல் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ராஜ்நிவாஸுக்கும் சட்டசபைக்கும் இடையில் ஒரு தெரு தூரம்தான். ஃபைல் அந்தத் தெருவைத் தாண்டுவதற்கு ஒரு மாமாங்கம் ஆன காலமெல்லாம் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் கவர்னரும் முதலமைச்சரும் ஒரே கயிற்றை, ஒரே திசையில், ஒரே நேரத்தில் இழுக்கிற நாள் தேர் நாள்தான்! திருக்காமீஸ்வரரால் மட்டுமே முடிகிற காரியம்.

ஆனால் ஒரு ரகசியம். கவர்னர் இழுப்பது நாலு அடி. போட்டோ எடுத்தவுடன் அவர் கார் கிளம்பிவிடும். தேரை மாட வீதி சுற்றிக் கொண்டுவந்து நிலையில் நிறுத்துவது ஊர் ஜனங்கள். சக்கரத்துக்குக் கட்டை போடுகிற ஆள் யார், வளைவில் எந்தப் பக்கத்து வடத்தை இறுக்கிப் பிடிப்பது, எங்கே விடுவது... இதற்கெல்லாம் புத்தகம் கிடையாது. அப்பன் சொல்லிப் பிள்ளைக்கு வந்த படிப்பு. நுகத்தடியில் மாட்டைத் திருப்பத் தெரிந்த கைகளுக்குத் தேரைத் திருப்பவும் தெரிந்திருந்தது.

மாதாவுக்கும் ஒரு திருக்குளம்

வில்லியனூரில் சிவன் கோயிலுக்குச் சமமாகப் பெயர் வாங்கியது லூர்து மாதா கோயில். பிரான்சில் லூர்து என்ற ஊரில் பெர்னதெத் என்ற ஏழைப் பெண்ணுக்கு மாதா காட்சி கொடுத்தது 1858-ல். அடுத்த இருபதே வருஷத்துக்குள், 1877-ல், வில்லியனூரில் லூர்து மாதாவுக்குக் கோயில் எழும்பிவிட்டது. சுரூபம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது.

மாதா பிரான்சிலிருந்து வந்தாலும், ஊர் அவரை வில்லியனூர் வழக்கத்துக்கு மாற்றிவிட்டது. கோயில் என்றால் குளம் வேண்டாமா? படிக்கட்டு வைத்து ஒரு திருக்குளம் வெட்டினார்கள். சாமி என்றால் தேர் வேண்டாமா? ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை கொடியேற்றி, ஒன்பது நாள் நவநாள் நடத்தி, தேர்பவனியோடு முடிக்கிறார்கள். குளத்துத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிற கூட்டத்தில் சிலுவை போட்ட கழுத்து எத்தனை, தாலிக்கயிற்றில் மஞ்சள் பூசிய கழுத்து எத்தனை என்று கணக்கெடுக்க யாராலும் முடியாது. இரண்டும் கலந்துதான் நிற்கும். பக்கத்தில் சுல்தான்பேட்டையில் முஸ்லிம்கள் நிறைய. ரம்ஜான் பிரியாணி எந்தெந்த வீட்டுக்குப் போகும் என்பதும் அப்படித்தான், கணக்கில்லாத கணக்கு.

காசிக்கு வீசம் அதிகம்

இந்த ஊர்த் திருவிழாக்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு உண்மை பளிச்சென்று தெரியும். இது பஞ்சாங்கம் போட்ட அட்டவணை மட்டும் இல்லை, வயல் போட்ட அட்டவணை.

ஆடியில் புதுத் தண்ணீர். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்கிற மாசம். விதைப்பதற்கு முன்னால் அம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும். மாரியம்மன் கோயில்களில் செடல், திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்துத் தீமிதி. ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து. துரியோதனன் விழுந்து எழுந்திருக்கும்போது கிழக்கு வெளுத்திருக்கும். சம்பா நட்ட பிறகு ஐப்பசி, கார்த்திகையில் மழைக்காகக் காத்திருப்பு. வந்தால் மகிழ்ச்சி, ரொம்ப வந்தால் அழுகை.

தையில் அறுப்பு, பொங்கல். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் அடிக்க மாடு இல்லாத வீடுகளில் டிராக்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை! டிராக்டர் பாவம், பொங்கலும் கேட்காது, முட்டவும் முட்டாது. தை 5-ஆம் தேதி ஆற்றுத் திருவிழா. பாகூர்ப் பக்கம் தென்பெண்ணைக் கரையில், சுற்று வட்டார சாமிகள் எல்லாம் ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி கொடுக்கும். மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு, கரும்பு. திரும்பி வரும்போது கையில் சுருளிக்கிழங்கு கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் வீட்டுக்குப் போனால், "ஆத்துக்கா போய்ட்டு வந்தீங்க, டீக்கடைக்கா?" என்று கேள்வி வரும்.

மாசியில் மகம். வில்லியனூரை ஒட்டிச் சங்கராபரணி ஓடுகிறது. செஞ்சி மலைப் பக்கத்திலிருந்து வருகிற இந்த ஆற்றுக்கு வராக நதி, செஞ்சியாறு என்றும் பெயர்கள் உண்டு. அதன் கரையில் திருக்காஞ்சி கங்கைவராக நதீஸ்வரர் கோயில். 'காசிக்கும் வீசம் அதிகம்' என்பார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. அதாவது காசிக்குப் போனால் நூறு சதவிகிதப் புண்ணியம் என்றால், இங்கே நூற்றாறே கால்! விருத்தாசலத்துக்காரர்களும் இதே வசனத்தைத் தங்கள் ஊருக்குச் சொல்கிறார்கள். டெண்டரில் இரண்டு பேர் ஒரே ரேட் போட்ட மாதிரிதான். பஸ் சார்ஜைக் கணக்குப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குத் திருக்காஞ்சியே லாபம். 2023-ல் இங்கே புஷ்கர விழா நடந்தபோது எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்து முழுக்குப் போட்டார்கள்.

அப்புறம் பங்குனி, ஈஸ்டர், மாதா தேர். நவரை அறுப்பு முடிந்து கையில் நாலு காசு புரளும் வைகாசியில், ஈஸ்வரன் தேர். பாருங்கள், தண்ணீர் வந்தால் அம்மன், நெல் வந்தால் பொங்கல், ஆறு ஓடினால் தீர்த்தவாரி, காசு வந்தால் தேர். சாமிகளே விவசாயத்தை அனுசரித்துத்தான் லீவு எடுத்துக்கொள்கின்றன!

இமயமலை அடிவாரத்திலும் இப்படி ஒரு ஊர்

நம்ம ஊரில் மட்டும்தான் இப்படி என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். நேபாளத்தில் காத்மாண்டு பக்கத்தில் பக்தபூர் என்று ஒரு பழைய ஊர். நேவார் மக்களின் ஊர். அதில் பெரும் பகுதி, 'ஜியாபு' எனப்படும் உழவர்கள். காலையில் வயலுக்குப் போவார்கள், சாயந்திரம் செங்கல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டும் மேளமும். நம்ம சித்திரை முதல் தேதியை ஒட்டித்தான் அவர்களுக்கும் வருஷப் பிறப்பு. அப்போது 'பிஸ்கா ஜாத்ரா' என்று பைரவருக்குத் தேர். அங்கே கவர்னர் கிடையாது. மேலத் தெருக்காரர்கள் ஒரு பக்கம், கீழத் தெருக்காரர்கள் எதிர்ப் பக்கம் வடம் பிடித்து, 'உன் பக்கமா, என் பக்கமா' என்று இழுப்பார்கள். யார் பக்கம் தேர் போகிறதோ அவர்களுக்கு அதிர்ஷ்டம்!

2015 ஏப்ரலில் பூகம்பம் வந்து அந்த ஊரையே உலுக்கிவிட்டது. எத்தனையோ கோயில்களும் வீடுகளும் சரிந்தன. 1702-ல் கட்டிய ஐந்து அடுக்கு நியாதபோலா கோயில் மட்டும் பெரிய சேதமில்லாமல் நின்றது. ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. இடிந்ததைத் திரும்பவும் எழுப்பினார்கள், தேரையும் திரும்ப இழுத்தார்கள்.

வில்லியனூருக்குப் பூகம்பம் வரவில்லை. அதைவிடச் சத்தம் குறைவாக ஒன்று வந்திருக்கிறது. அதற்குப் பெயர் பிளாட்!

காணி, குழி, சென்ட்டியார்

புதுச்சேரியில் நிலத்துக்கு மூன்று பாஷை உண்டு. விவசாயி பேசுவது காணியும் குழியும். ஒரு குழி 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. அதாவது 57,600 சதுர அடி. பத்திரத்தில் பேசுவது பிரெஞ்சு பாஷை: ஹெக்டார், ஆர், சென்ட்டியார். ஒரு காணியை எழுதினால் 53 ஆர் 51 சென்ட்டியார். மூன்றாவது, புரோக்கர் பேசுவது. அது சதுர அடி.

டீக்கடை பெஞ்சில் இந்த மூன்றாவது பாஷையை எந்த நாளும் கேட்கலாம். பேச்சு பெரும்பாலும் இந்தத் தினுசில் போகும்:

"இன்னா பெருசு, ஒரு காணிய வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? பையன் சவூதில, பொண்ணு சென்னையில. ஊம்னு சொல்லு, நாளைக்கே அட்வான்ஸு."

"வித்துட்டா நான் காலையில எழுந்து எங்கடா தம்பி போறது?"

"பீச்சுக்கு வாக்கிங் போ பெருசு!"

சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஒரு காணியில் மூன்றில் ஒரு பங்கு ரோடு, பார்க் என்று கழித்தால் மிச்சம் 38,400 சதுர அடி. 1,200 சதுர அடி மனையாகப் போட்டால் 32 மனை. 32 குடும்பம் வீடு கட்டிக் குடியேறலாம். அதே காணியில் நெல் போட்டால், உரம், ஆள் கூலி, அறுப்பு மெஷின் வாடகை போக மிச்சப்படுவதை வீட்டுக்காரம்மாவிடம் சொல்லக்கூட மனசு வராது. விற்கிறவரைத் தப்புச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. பொண்ணுக்குக் கல்யாணம், பையனுக்கு இன்ஜினீயரிங் சீட்டு, ஆஸ்பத்திரி பில்... இதற்கெல்லாம் நெல் மூட்டை ஈடு கொடுக்காது.

ஆனாலும் காமர்ஸ் படித்த புத்தி ஒன்றைச் சொல்லாமல் விடாது. முதலீட்டை விற்று வந்த பணத்தை 'வருமானம்' என்று பேரேட்டில் எழுதினால், முதல் வருஷ மாணவனுக்குக்கூட வாத்தியார் முட்டை மார்க் போடுவார். நிலம் என்பது முதல். நெல்தான் வருமானம். நாம் ஊர் ஊராக முதலை விற்றுவிட்டு, 'ஆஹா, வளர்ச்சி!' என்று லாபக் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

தண்ணீருக்கு விலாசம் மறக்காது

இந்தப் பேரேட்டில் இன்னொரு பார்ட்னர் உண்டு. தண்ணீர்.

வில்லியனூருக்கு வடக்கே ஊசுட்டேரி. புதுச்சேரியிலேயே பெரிய ஏரி. சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து நிரம்பும். பாகூர் ஏரி இரண்டாவது பெரியது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும். சோழர் காலத்தில் ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' என்றே தனிக் கமிட்டிகள் இருந்தன. பிரெஞ்சுக்காரர் காலத்திலும் உழவர்களே காசு போட்டுப் பொது நிதி வைத்து ஏரி, வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ளும் சங்கங்கள் இருந்தன. அப்புறம் போர்வெல் வந்தது. ஸ்விட்சைத் தட்டினால் தண்ணீர் கொட்டுகிறபோது வாய்க்காலை யார் தூர்வாருவார்கள்? சங்கங்கள் தூங்கிவிட்டன. 1999-ல் ஐரோப்பிய யூனியன் உதவியோடு ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் வந்து, எண்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளில் வேலை நடந்தது, பாசன சங்கங்களுக்கும் மறுபடி உயிர் வந்தது. பார்த்தீர்களா, துரைகள் போய் அரை நூற்றாண்டு கழித்து, நம்ம ஏரியைத் தூர்வார மறுபடி ஐரோப்பாவிலிருந்து காசு!

2008-ல் ஊசுட்டேரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவைகளுக்கு இடம் உறுதியானது நல்ல சேதி. வாய்க்கால்களுக்குத்தான் சரணாலயம் இல்லை.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெங்கல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை! டவுனே மிதந்தது. மழை விட்ட பிறகுதான் அடுத்த அத்தியாயம். வீடூர் அணை நிரம்பித் திறந்ததில் சங்கராபரணி பொங்கி வில்லியனூரின் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் வந்தது. சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் சீறிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் கட்டில் மேல் கட்டில் போட்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பழைய உழவர்களுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வயலில் தண்ணீர் நின்றால் நாலு நாளில் வடியும், நாற்று பிழைக்கும். நடுவீட்டில் நின்றால்? 'நகர்' என்று பெயர் மாற்றி, தலைவர்கள் பெயரில் வளைவு வைத்து, தார் ரோடு போட்டாலும், மனுஷனுக்குத்தான் அது புது விலாசம். தண்ணீர் தபால்காரர் மாதிரி. பழைய விலாசத்தை மறக்காமல் தேடிக்கொண்டு வந்துவிடும்.

மண்ணை விடாத கைகள்

எல்லாம் போய்விட்டது என்று ஒப்பாரி வைக்கிற கட்டுரை இல்லை இது. வில்லியனூரில் மண் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தப் பக்கத்துச் சுடுமண் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். ஆற்று வண்டலும் ஏரிக் களிமண்ணும் இல்லாவிட்டால் அந்தக் குதிரையும் பிள்ளையாரும் ஏது? ஏரிக்கரையை ரோடாக்கி, ஏரியையும் மனையாக்கிவிட்டால் விநாயகர் சதுர்த்திக்குப் பிளாஸ்டர் பிள்ளையாரைத்தான் வாங்க வேண்டும். அவரை ஆற்றில் கரைக்க வேண்டுமென்றால் ஆறும் வேண்டுமே!

பாகூர்ப் பக்கம் போனால் இப்போதும் தை மாசத்தில் அறுப்பு மெஷின் சத்தம் கேட்கிறது. காலேஜ் முடித்த பையன்கள் சிலர் பழைய நெல் ரகங்களைப் போட்டு, நேராக வாடிக்கையாளருக்கே அரிசி விற்றுப் பார்க்கிறார்கள். லாபம் கம்மிதான். ஆனால் ஏரி இருக்கிற வரைக்கும் அவர்கள் இருப்பார்கள்.

செய்ய வேண்டியது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. எந்த சர்வே நம்பரில் வாய்க்கால் ஓடுகிறது என்று பிரெஞ்சுக்காரர் காலத்து வரைபடத்திலேயே இருக்கிறது. அதை மனையாக்க அனுமதி கொடுக்காமல் இருந்தால் போதும். கொடுப்பதற்குத்தான் கையெழுத்து வேண்டும். கொடுக்காமல் இருக்கப் பேனாவே தேவையில்லை!

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த வைகாசியில் பாண்டி வந்தால் பீச்சோடு திரும்பாதீர்கள். விழுப்புரம் போகிற பஸ்ஸில் ஏறி வில்லியனூரில் இறங்குங்கள். 1879-லேயே போட்ட ரயில் பாதையும் இருக்கிறது, ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே. வெயிலுக்கு ஒரு மோர் குடித்துவிட்டு மாட வீதிக்கு வந்தால், கவர்னர் கை வைத்த அதே வடத்தில் நீங்களும் கை வைக்கலாம். பாஸ் கிடையாது, டிக்கெட் கிடையாது, ஜாதகம் கேட்க மாட்டார்கள்.

தேர் மாட வீதி திரும்பும்போது உற்றுக் கவனியுங்கள். சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் பெரும்பாலும் நரைத்த தலையாக இருப்பார். அவருக்குப் பக்கத்தில் நின்று, "எப்பப் போடணும் தாத்தா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு பொடியன் நிற்கிறானா என்று பாருங்கள். நின்றால் கவலையில்லை. தேர் இன்னும் ஒரு ஐம்பது வருஷம் நிலைக்கு வந்து சேரும்.